இழை: வீட்டு கம்ப்யூட்டர்ல பாயிங்க் ஓட்டுறவங்க இருக்கீங்களா? கரண்ட், சூடு, பாதுகாப்பு பத்தி சந்தேகம்

தேனிமலை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. சமீபத்துல வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணினேன். ரைசன் எட்டு கோர், பதினாறு ஜிபி ராம், நடுத்தர என்விடியா கார்டு. வீடியோ எடிட்டிங் வேலை வாரத்துல ரெண்டு மூணு நாள் வரும். மத்த நேரம் பொண்ணு யூடியூப் பாப்பா, நான் மெயில் பாப்பேன். இவ்வளவு பெரிய மெஷினுக்கு இது அநியாயம்னு தோணுது.

காலேஜ் ஹாஸ்டல்ல சீனியர் ஒருத்தர் ரூம்ல செட்டி@ஹோம் (வீட்டு கம்ப்யூட்டர்கள வச்சு வேற்றுக்கிரக சிக்னல் தேடுற ப்ராஜெக்ட்) ஸ்கிரீன்சேவர் ஓடும், கலர் கலரா கிராஃப் எழும்பும். அத நினைச்சு தேடினா, 2020 மார்ச்லயே வேலை அனுப்புறத நிறுத்திட்டாங்களாம். ஆனா அதே ஆளுங்க செஞ்ச பாயிங்க் (BOINC), அதாவது நம்ம கம்ப்யூட்டர் சும்மா இருக்குற நேரத்த ஆராய்ச்சிக் கணக்குகளுக்குக் கொடுக்குற மென்பொருள், இன்னும் இருக்கு, அதுல நிறைய ப்ராஜெக்ட் ஓடுதுன்னு போட்டிருக்கு.

கேட்க வேண்டியது இதான். நாள் முழுக்க நூறு சதவீதத்துல ஓடினா சிபியு சீக்கிரம் போயிடுமா? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? யாரோ அனுப்புற ப்ரோக்ராம நம்ம மெஷின்ல ஓட விடலாமா? எதுல சேர்றது? வீட்டம்மா கேட்ட கேள்வி தனி: "இதுல நமக்கு என்ன கிடைக்கும்?" எனக்கு பதில் சொல்லத் தெரியல.

பின்னிரவு

அக்காகிட்ட சொல்லுங்க, கிடைக்கிறது கிரெடிட், அதாவது செஞ்ச வேலைக்குப் புள்ளி. அத வச்சு ஒரு டீ கூட வாங்க முடியாது :)

வேலை நடக்குற விதம் சிம்பிள். ப்ராஜெக்ட் சர்வர் ஒரு சின்ன பொட்டலம் அனுப்பும். உங்க மெஷின் அத மணிக்கணக்கா அரைச்சு விடைய திருப்பி அனுப்பும். பல ப்ராஜெக்ட்ல ஒரே பொட்டலம் ரெண்டு பேருக்குப் போகும், ரெண்டு விடையும் ஒத்து வந்தாதான் ரெண்டு பேருக்கும் கிரெடிட். ஒத்து வரலன்னா மூணாவது ஆளுக்குப் போகும். அதனால ஓவர்கிளாக் பண்ணி (சிப்ப அதோட வேகத்துக்கு மேல ஓட்டி) தப்புத் தப்பா கணக்கு போடுற மெஷின் சீக்கிரம் மாட்டிக்கும்.

சிபியு வேலை எல்லாமே கடைசி முன்னுரிமையிலதான் ஓடும். கல்யாணப் பந்தியில எல்லாரும் சாப்ட்ட பிறகு உக்கார்ற வீட்டுக்காரங்க மாதிரி. நீங்க எடிட்டிங் ரெண்டர் போட்டா அது தானா ஒதுங்கிக்கும். டாஸ்க் மேனேஜர்ல 100% காட்டுதேன்னு பயப்பட வேண்டாம். ஜிபியு கதை வேற, அது அவ்வளவு நாகரிகமா ஒதுங்காது.

யூனிட்கணக்கு

தேனிமலை, "சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்தானே, செலவே இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சும்மா இருக்கிற நேரம் இலவசம். மின்சாரம் இலவசம் இல்லை.

சுவர் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதும் எட்டு கோர் ரைசன்தான். மானிட்டரைச் சேர்க்காமல், எதுவும் ஓடாதபோது 45 வாட் பக்கத்தில் நிற்கிறது. பதினாறு த்ரெட்டும் ஓடினால் 130. வித்தியாசம் 85 வாட். 24 மணி நேரமும் ஓட்டினால் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட். நம்மூரில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால், ஒரு பில்லுக்கு 120 யூனிட் கூடும். ஜிபியுவையும் சேர்த்தால் அதற்கு மேல் அதே அளவோ, அதைவிட அதிகமோ.

இந்த 120ஐச் சராசரி விலையால் பெருக்கினால் கணக்கு தப்பிவிடும். முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும், 500ஐத் தாண்டினால் கீழே உள்ள படிகளுக்கும் விலை மாறிவிடும். ஏற்கெனவே 420 வரும் வீட்டில் இது விழுந்தால் 540. அங்கே அடி பலமாக இருக்கும். 250 வரும் வீட்டில் அவ்வளவு தெரியாது. பழைய பில்லை எடுத்து எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

செலவைக் குறைக்க வழி உண்டு. பயாஸில் (மெஷின் தொடங்கும்போது நுழையும் அடிப்படை செட்டிங்) ஈகோ மோட் என்று இருக்கும், 65 வாட் சிப்பை 45 வாட்டில் ஓட விடும். எனக்குச் சுவரில் 130 இருந்தது 100க்குக் கீழே வந்தது. வேலையின் வேகம் பத்துப் பதினைந்து சதவீதம்தான் குறைந்தது. கடைசி கொஞ்சம் வேகத்துக்காகத்தான் சிப் அத்தனை வோல்டேஜ் தின்கிறது. பயாஸைத் தொடப் பயமாக இருந்தால், விண்டோஸ் பவர் ஆப்ஷனில் 'மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட்' 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். சிப் தானாக வேகம் கூட்டிக்கொள்ளும் பூஸ்ட் அணைந்துவிடும். ஃபேன் சத்தம் குறைவதிலேயே வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. பரணில் கிடக்கும் பழைய கோர் 2 டூவோவை இறக்கி இதற்கென்று ஓட்டாதீர்கள். புது மெஷின் இழுக்கிற கரண்டையே இழுத்துக்கொண்டு வேலையில் சிறு பங்குதான் செய்யும்.

சிலிக்கான்சித்தர்

யூனிட்கணக்கு சொல்வது இன்றைக்குச் சரி. ஆனால் 'செலவே இல்லை' என்ற பேச்சு ஒரு காலத்தில் ஓரளவு உண்மையாகவே இருந்தது.

பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து செட்டி@ஹோம் 1999 மே மாதம் வெளியானது. அன்றைய விண்டோஸ் 95 மெஷினில், செய்ய வேலை இல்லாதபோது சிபியுவைத் தூங்க வைக்கும் பழக்கமே கிடையாது. சும்மா இருந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைக் குளிர்விக்கத் தனியாகக் குட்டி மென்பொருள் இறக்கிப் போட்டுக்கொள்வோம். அந்த நிலையில் அதே சுற்றை வேற்றுக்கிரகச் சிக்னல் தேடக் கொடுத்தால் பில்லில் பெரிதாக ஒன்றும் தெரியாது. இன்றைய சிப் வேலை இல்லையென்றால் ஒரு சில வாட்டில் படுத்துவிடும். வேலை கொடுத்தால் எழுந்து சாப்பிடும். அதனால்தான் கணக்கு தலைகீழாகிவிட்டது.

அப்போது டயல்அப்தான். ஒரு பொட்டலம் 350 கேபி பக்கம் இருக்கும். போர்ட்டோ ரிக்கோவில் அரெசிபோ என்ற மாபெரும் ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்ததில் 107 விநாடித் துண்டு. அதை மோடத்தில் இறக்க இரண்டு மூன்று நிமிடம், அரைத்து முடிக்கப் பெண்டியத்தில் ஒரு நாளுக்கு மேல். லைனைத் துண்டித்துவிட்டு மறுநாள் இரவு இணைத்து விடையை அனுப்புவேன். இறக்குவது கொஞ்சம், அரைப்பது நிறைய என்பதால்தான் உலகம் முழுவதும் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் அதில் சேர முடிந்தது. இந்த முறைக்கு ஒத்துவரும் கணக்கு எது, ஒத்துவராதது எது என்பதற்கு இன்றும் அதுதான் அளவுகோல். துண்டுகள் ஒன்றோடொன்று பேச வேண்டியிருந்தால் வீட்டு கம்ப்யூட்டர் உதவாது, சூப்பர் கம்ப்யூட்டர்தான் வேண்டும்.

டேவிட் ஆண்டர்சன் அதைப் பொதுவாக்கி எல்லாத் துறைக்கும் பயன்படும்படி செய்ததுதான் பாயிங்க், 2002இல். செட்டியே பிறகு அதற்குள் வந்தது. வேலை அனுப்புவது நின்ற அதே 2020ஆம் ஆண்டு, டிசம்பரில் அரெசிபோவும் இடிந்து விழுந்தது. சேர்ந்த சிக்னல்களை ஆராயும் வேலை அதன் பிறகும் நடந்தது. பல நூறு கோடியை நூறு வரை வடிகட்டி, சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கியைக் கொண்டு அந்த இடங்களை மறுபடி பார்க்கிறார்கள்.

வெட்டிவேர்

பாதுகாப்பு பற்றி நான் சொல்கிறேன், என் வேலை அதுதான்.

பாயிங்க் வெளிப்படையான மூலநிரல் கொண்டது. ப்ராஜெக்ட் அனுப்பும் நிரல்களில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். அந்தச் சாவியை இணையத்தோடு இணையாத மெஷினில் வைக்க வேண்டும் என்பது ப்ராஜெக்ட் நடத்துபவர்களுக்கான விதி. ஆகவே யாரோ சர்வருக்குள் நுழைந்தாலும் உங்கள் மெஷினுக்கு வேறு நிரலை அனுப்புவது எளிதல்ல. ஆனால் ப்ராஜெக்டையே நீங்கள் நம்பவில்லையென்றால் கையொப்பத்தால் பயனில்லை. பல்கலைக்கழகம், ஆராய்ச்சி நிலையம் என்று முகவரி தெரிந்த ஆட்கள் நடத்துவதில் மட்டும் சேருங்கள். மென்பொருளை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 'பாயிண்டுக்குக் காயின் தருகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொடவே வேண்டாம்.

சில ஆன்டிவைரஸ் இதைக் காயின் மைனர் (திருட்டுத்தனமாக கிரிப்டோ காயின் தோண்டும் நிரல்) என்று நினைத்துக் கத்தும். நாள் முழுக்க சிபியுவைத் தின்னும் எதையும் அது அப்படித்தான் பார்க்கும். பாயிங்க் டேட்டா ஃபோல்டரை மட்டும் விதிவிலக்கில் போடுங்கள், ஆன்டிவைரஸை அணைக்காதீர்கள்.

ஆபீஸ் மெஷினில் போடாதீர்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு கல்லூரியின் கணினி ஊழியர் அங்கிருந்த மெஷின்களில் டிஸ்ட்ரிபியூட்டட் டாட் நெட் என்ற இதே வகை மென்பொருளைப் போட்டு வைத்தார். மாநில அரசு கிரிமினல் வழக்கே போட்டது. 2002இல் அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு என்று சமரசமாக முடிந்தது. நல்ல காரியம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. மெஷின் யாருடையதோ அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பையன் லேபில் இருபது மெஷினில் போட்டுவிட்டு, ஏசி பில் பற்றி மேனேஜர் கேட்டபோதுதான் வாயைத் திறந்தான்.

டொரண்டோ_வடலி

வணக்கம். இஞ்ச கனடாவில எங்கட கணக்கு மறுபக்கம். குளிர்காலத்தில எப்பிடியும் வீட்டைச் சூடாக்கத்தான் வேணும். கொம்பியூட்டர் இழுக்கிற கரண்ட் முழுக்கக் கடைசியில சூடாத்தான் வெளியில வரும். பேஸ்மெண்ட் அறையில சின்ன மின்சார ஹீட்டர் வைக்கிறதுக்குப் பதிலா இதை ஓட விடுறன். காஸ் ஹீட்டர் இருக்கிற வீட்டில காஸ்தான் மலிவு, அதையும் சொல்லிப்போடுறன். ஏப்ரல் வந்தால் நிப்பாட்டிப்போடுவன்.

நான் ஓட்டுறது வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட். 2004இல ஐபிஎம் தொடங்கினது, 2021இல இஞ்ச டொரண்டோவில இருக்கிற கிரெம்பில் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கைமாறினது. புற்றுநோய்க் குறியீடுகளைத் தேடுற வேலை கனகாலமா ஓடுது. என்ர மாமி புற்றுநோயால போனவ, அதால இதைத்தான் பிடிச்சுக்கொண்டன்.

தம்பி, சென்னை வெயிலுக்க ஏசி போட்ட அறையில இதை ஓட்டினால் ரெண்டு தரம் காசு கட்டுறீர். சூடாக்க ஒருக்கா, அந்தச் சூட்டை வெளியில தள்ள இன்னொருக்கா.

கேள்விக்குறி

எல்லாரும் கோபப்படுவீங்க, பரவாயில்லை. இதுல செலவாகுற கரண்ட் காசை அப்படியே ஒரு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா என்ன? ஒரு பில்லுக்கு ஐநூறு, ஆயிரம் ரூபாய். டேட்டா சென்டர்ல இருக்குற ஜிபியு நம்ம வீட்டு ஜிபியுவை விட ஒரு வாட்டுக்கு பல மடங்கு வேலை செய்யும். நாம அனல்மின் நிலையத்துல நிலக்கரிய எரிச்சு, பழைய கார்டுல அரைச்சு, அறிவியலுக்கு உதவுறோம்னு மார் தட்டிக்கிறோம்.

அதுவும் இந்தப் புரதம் மடிக்கிற வேலை, அதாவது ஒரு புரதம் எந்த வடிவத்துல மடியும்னு கணக்குப் போடுறது. கூகுளோட ஏஐ ஆல்ஃபாஃபோல்டு வந்து முடிச்சு வச்சிடுச்சே. 2024 நோபல் பரிசும் கொடுத்தாச்சு. இன்னும் எதுக்கு வீட்டு கம்ப்யூட்டர்ல இதையே செய்ற ஃபோல்டிங்@ஹோம்?

மூலக்கூறு

கேள்விக்குறி, பாதி சரி, பாதி இல்லை. நான் புரத சிமுலேஷனில் பிஎச்டி செய்துகொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 2024 வேதியியல் நோபல் மூன்று பேருக்குப் போனது. இரண்டு பேர் ஆல்ஃபாஃபோல்டு ஆட்கள். மூன்றாமவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேக்கர். ரொசெட்டா@ஹோம் என்ற பாயிங்க் ப்ராஜெக்ட் அவருடைய ஆய்வகத்தில் பிறந்ததுதான். பரிசு கிடைத்தது புதுப் புரதங்களை வடிவமைத்ததற்கு. வீட்டு கம்ப்யூட்டர்களால்தான் நோபல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஆய்வகம் வளர்ந்த வருடங்களில் அந்த உழைப்பும் உள்ளே இருக்கிறது. ஸ்கிரீன்சேவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 'இதை இப்படி மடித்தால் நன்றாக இருக்குமே' என்று எழுதப்போய்த்தான் ஃபோல்டிட் என்ற விளையாட்டே 2008இல் வந்தது.

ஃபோல்டிங்@ஹோம் வேறு. அது பாயிங்கில் இல்லை, தனி மென்பொருள். 2000இல் ஸ்டான்ஃபோர்டில் விஜய் பாண்டே தொடங்கியது, இப்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கிரெக் போமன் நடத்துகிறார். ஆல்ஃபாஃபோல்டு தருவது பெரும்பாலும் புரதத்தின் ஒரு நிலை. ஆனால் புரதம் உடம்புக்குள் ஆடிக்கொண்டே இருக்கிறது. திறக்கிறது, மூடுகிறது, ஒரு கணம் மட்டும் ஒரு பள்ளம் தெரிந்து மறைகிறது. அந்தப் பள்ளத்தில்தான் சில சமயம் மருந்து உட்கார முடியும். அந்த அசைவைப் பார்க்க ஃபெம்டோ விநாடி, ஃபெம்டோ விநாடியாக (விநாடியின் மிக மிக நுண்ணிய துண்டு) கணக்குப் போட்டே ஆக வேண்டும். கொரோனாவின் ஸ்பைக் புரதம் எப்படி வாய் திறக்கிறது என்பதை 2020இல் அவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். அந்த மார்ச், ஏப்ரலில் உலகமே வீட்டில் உட்கார்ந்து இதை இறக்கியதில் மொத்த வேகம் எக்ஸாஃப்ளாப்பை (விநாடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்கு) தாண்டியது. அந்த அளவைத் தொட்ட ஒற்றை சூப்பர் கம்ப்யூட்டர் அன்றைக்கு உலகில் இல்லை. வந்த கூட்டத்துக்குப் பொட்டலம் கொடுக்க சர்வர் போதவில்லை, ஆட்கள் வேலை கேட்டு வரிசையில் நின்றார்கள்.

நன்கொடை விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். டேட்டா சென்டர் ஜிபியு திறமையானது. ஆனால் அதை எனக்கு யார் தருவார்கள்? எங்கள் துறையின் கிளஸ்டரில் (சேர்ந்து வேலை செய்யும் கம்ப்யூட்டர் கூட்டம்) முறை வர வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். நிதி தருபவரிடம் 'பயன் என்ன' என்று நிரூபிக்காமல் ஒரு மணி நேரம் கூட வாங்க முடியாது. வீட்டில் ஓட்டுபவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதனால்தான் யாரும் காசு போடாத கேள்விகளும் இங்கே ஓடுகின்றன.

கேள்விக்குறி

சரி, அசைவு விஷயம் ஏத்துக்கிறேன், அது எனக்குத் தெரியாது. காசு விஷயத்துல என் கருத்து மாறல. 'யாரும் காசு போடாத கேள்வி' ஏன் யாரும் காசு போடலங்கறதையும் யோசிக்கணும்.

சிலிக்கான்சித்தர்

கேள்விக்குறிக்கு ஓர் உதாரணம். யாரும் காசு போடாத கேள்விதான். மூன்று முழு எண்களின் கனங்களைக் கூட்டினால் 42 வருமா? 2019 செப்டம்பரில் விடை கிடைத்தது. பிரிஸ்டலின் ஆண்ட்ரூ புக்கரும் எம்ஐடியின் ஆண்ட்ரூ சதர்லேண்டும் வீட்டு கம்ப்யூட்டர்களின் பத்து லட்சம் மணி நேரத்துக்கு மேல் செலவழித்துக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு எண்ணும் பதினேழு இலக்கம். பயன்? எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்று இரவு அந்த மூன்று எண்களையும் ஒரு பெரிய-எண் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 42 வந்தது.

பகாஎண்_பைத்தியம்

சித்தர் ஐயா வழி திறந்துவிட்டார் :) அக்காவின் 'என்ன கிடைக்கும்' கேள்விக்கு என்னிடம்தான் நேரடி பதில் இருக்கிறது. பணம்.

ஜிம்ப்ஸ். 1996இலிருந்து ஓடுகிறது, செட்டிக்கும் முன்னோடி. மெர்சென் பகாஎண் தேடல், அதாவது 2இன் அடுக்கு ஒன்றிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் பகாஎண். கடைசியாகக் கிடைத்தது 2024 அக்டோபரில், 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட எண். கண்டுபிடித்த லூக் டியூரன்ட்டுக்கு 3000 டாலர் பரிசு, அதையும் அவர் படித்த பள்ளிக்கே கொடுத்துவிட்டார். பத்துக் கோடி இலக்கத்தைத் தொடும் முதல் பகாஎண்ணுக்கு ஒன்றரை லட்சம் டாலர் காத்திருக்கிறது. அவர் பல நாடுகளின் கிளவுட் ஜிபியுக்களை வாடகைக்கு எடுத்து ஓட்டியவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில் போட்ட காசுக்கு முன் பரிசு ஒன்றுமே இல்லை. வீட்டுச் சிபியுவுக்கு அடிப்பது லாட்டரி கூட இல்லை.

ஆனால் தேனிமலை, புது மெஷின் என்கிறீர்கள், ப்ரைம்95ஐ ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள். ஜிம்ப்ஸின் அதே மென்பொருள்தான், 'டார்ச்சர் டெஸ்ட்' என்று உள்ளேயே இருக்கிறது. ராமில் கோளாறு, கூலர் சரியாக உட்காரவில்லை, எதுவானாலும் காட்டிக்கொடுத்துவிடும். வாரண்டி இருக்கும்போதே தெரிந்தால் நல்லது. 2016இல் இன்டெலின் ஸ்கைலேக் சிப்பில் இருந்த பிழையைக் கண்டுபிடித்ததே இதை ஓட்டியவர்கள்தான். சிப் மாற்றாமல் பயாஸ் அப்டேட்டில் சரி செய்தார்கள்.

சிபியு தேயுமா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து ஃபேன், தெர்மல் பேஸ்ட், பவர் சப்ளை எல்லாம் போன பிறகும் சிபியு இருக்கும். தூசிதான் எதிரி. மாதம் ஒரு முறை ஃபில்டரைத் தட்டுங்கள்.

தேனிமலை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பழைய பில் எடுத்துப் பார்த்தேன், 310ல இருக்கோம். ஈகோ மோட் போட்டு, எட்டுல நாலு கோர் மட்டும் ஓட்டினா 500 பக்கமே போகாதுன்னு தைரியம் வந்துது. பாயிங்க் போட்டாச்சு. ஐன்ஸ்டைன்@ஹோமும் வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்டும் சேர்த்திருக்கேன். ப்ரைம்95 ராத்திரி முழுக்க ஓடுச்சு, பிழை இல்ல.

ரெண்டு தொல்லை. ஒண்ணு, பொண்ணு யூடியூப் பாக்கும்போது திக்குது. ரெண்டாவது, நேத்து ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்ல. வழக்கமா இன்வெர்ட்டர் நாலு மணி நேரம் தாங்கும், நேத்து ரெண்டு மணி நேரத்துலயே கூவ ஆரம்பிச்சிடுச்சு. பாயிங்க்ல 'பேட்டரியில ஓடும்போது நிறுத்து'ன்னு டிக் இருக்கே, ஏன் நிக்கல?

யூனிட்கணக்கு

அந்த டிக் லேப்டாப்புக்கு. டெஸ்க்டாப்புக்குப் பேட்டரி கிடையாது, வீட்டு இன்வெர்ட்டரில் மாறினது அதற்குத் தெரியவே தெரியாது. சாதாரணக் கரண்ட் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். இரண்டு வழி. கம்ப்யூட்டர் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் இல்லாத பாயிண்ட்டுக்கு மாற்றி, நடுவில் ஒரு சின்ன யூபிஎஸ் போடுங்கள். யுஎஸ்பி கேபிள் உள்ள யூபிஎஸ் என்றால் விண்டோஸ் அதைப் பேட்டரியாகப் பார்க்கும், அப்போது அந்த டிக் வேலை செய்யும். காசு வேண்டாம் என்றால், கரண்ட் போனவுடன் டாஸ்க்பார் ஐகானை ரைட் கிளிக் செய்து ஸ்னூஸ். வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

கரண்ட் பட்டென்று போய் மெஷின் அணைந்தால் மொத்த வேலையும் போகாது. நடுநடுவே செக்பாயிண்ட் எழுதி வைக்கும், அங்கிருந்து தொடரும். ஆனால் எல்லா ப்ராஜெக்டும் ஒரே மாதிரி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் தட்பவெப்ப ப்ராஜெக்டான கிளைமேட்பிரெடிக்ஷன் போல நாள்கணக்கில் ஓடும் டாஸ்க் திடீர் அணைப்பில் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். அடிக்கடி கரண்ட் போகிற ஊர்களுக்கு அது வேண்டாம்.

பின்னிரவு

யூடியூப் திக்குறது ஜிபியுவால. ஐன்ஸ்டைன் உங்க கார்டுல வேலை செய்யுது. நான் முதல்லயே சொன்னேன்ல, அது ஒதுங்காதுன்னு. ஆப்ஷன்ஸ்ல கம்ப்யூட்டிங் ப்ரிஃபரன்சஸ் போங்க, 'கம்ப்யூட்டர் பயன்பாட்டில் இருக்கும்போது ஜிபியு வேலையை நிறுத்து'ங்கறத டிக் பண்ணுங்க. ஆனா ஒண்ணு, மவுஸ் கீபோர்ட் அசையலன்னா மூணு நிமிஷத்துல ஆள் இல்லன்னு முடிவு பண்ணிடும். பொண்ணு கை வைக்காம படம் பாத்துட்டு இருப்பா, திரும்பத் திக்கும். அந்த மூணை முப்பது ஆக்குங்க. இல்லன்னா யூடியூப் பாக்குற ப்ரவுசரையே 'எக்ஸ்க்ளூசிவ் ஆப்' பட்டியல்ல சேர்த்துடுங்க, அது திறந்திருக்கிற வரைக்கும் பாயிங்க் வாயே திறக்காது. எடிட்டிங் மென்பொருளையும் அதுல போடுங்க.

அதே பக்கத்துல ரெண்டு சதவீதம் இருக்கும், குழப்பிக்காதீங்க. 'சிபியுக்களில் இத்தனை சதவீதம்'ங்கறது கோர் எண்ணிக்கை. 'சிபியு நேரத்தில் இத்தனை சதவீதம்'ங்கறது ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி. ரெண்டாவத 100லயே விடுங்க. குறைச்சா ஃபேன் ஏறி இறங்கி ஏறி இறங்கி பைத்தியம் பிடிக்கும்.

ஐன்ஸ்டைன் நல்ல தேர்வு. 2010ல அயோவால ஒரு தம்பதியோட மெஷினும் ஜெர்மனில ஒருத்தர் மெஷினும் சேர்ந்து, விநாடிக்கு நாப்பது தடவைக்கு மேல சுத்துற ஒரு பல்சர (ரேடியோ துடிப்பு அனுப்புற, செத்துப்போன நட்சத்திரம்) கண்டுபிடிச்சுது. டேட்டா அதே அரெசிபோதான், சித்தருக்குப் பிடிக்கும். அதுக்கப்புறம் இன்னும் நிறைய கிடைச்சிருக்கு. ஆனா அவங்க முக்கியமா தேடுறது, சுத்திக்கிட்டே இருக்குற நட்சத்திரத்துலேருந்து விடாம வர்ற ஈர்ப்பலை. 2005லேருந்து தேடுறாங்க, இன்னும் சிக்கல.

சேலத்துப்பொண்ணு

நான் காலேஜ் செகண்ட் இயர். என்கிட்ட லேப்டாப் மட்டும்தான், எட்டு ஜிபி ராம். ஓட்டலாமா அண்ணா? மொபைல்லயும் இருக்குன்னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னா.

யூனிட்கணக்கு

லேப்டாப்பில் வேண்டாம் என்பதுதான் என் பதில், தங்கச்சி. அதன் கூலர் இதற்கென்று செய்யப்பட்டதல்ல. எந்நேரமும் சார்ஜரில், எந்நேரமும் சூட்டில் இருந்தால் பேட்டரி உப்பும். ஆசை விடவில்லை என்றால் ஒரே ஒரு கோர், பூஸ்ட் அணைத்து, பேட்டரி 80 சதவீதத்தில் நிற்கும்படி செட் செய்து, மேஜை மேல் வைத்து ஓட்டுங்கள். மெத்தை மேல் கூடவே கூடாது. எட்டு ஜிபியில் ரொசெட்டா டாஸ்க் நாலு ஓடினால் ப்ரவுசர் திறக்க இடம் இருக்காது.

ஆண்ட்ராய்டுக்குப் பாயிங்க் இருக்கிறது. சார்ஜில் இருக்கும்போது மட்டும் ஓடும்படி, வைஃபையில் மட்டும் டேட்டாவை இறக்கி அனுப்பும்படிதான் வரும். அதிலும் பேட்டரி பயம் அதேதான். திரை உடைந்து மேஜையில் கிடக்கும் பழைய போன் என்றால் போடுங்கள், தினமும் கையில் இருப்பதில் வேண்டாம்.

மூலக்கூறு

சேலத்துப்பொண்ணு, மெஷினே தராமல் உதவ ஆசை என்றால் ஃபோல்டிட் விளையாடிப் பாருங்கள். லேப்டாப் போதும், சூடும் அவ்வளவு ஆகாது. எங்கள் லேபில் ஜூனியர்களுக்குப் புரதம் பற்றிச் சொல்லிக்கொடுக்க அதைத்தான் முதலில் கொடுக்கிறோம்.

தேனிமலை

திக்கல் சரியாயிடுச்சு, பின்னிரவுக்கு நன்றி. ப்ளக்கையும் மாத்தியாச்சு, யூபிஎஸ் அடுத்த மாசம். வீட்டம்மா இப்ப தினமும் எத்தனை கிரெடிட்னு கேக்குறாங்க. தூத்துக்குடில இருக்குற மச்சான் மெஷினை விட நம்மளது கம்மியாம், அது ஒரு வருத்தம்.

கடைசியா ஒண்ணு. டொரண்டோ அண்ணன் சொன்ன மாதிரி ஏப்ரல், மே ரெண்டு மாசம் நிறுத்தி வைக்கலாம்னு இருக்கேன். சும்மா அன்இன்ஸ்டால் பண்ணிடலாமா?

டொரண்டோ_வடலி

அப்பிடிச் செய்யாதீர் தம்பி. உம்மட்டை இருக்கிற வேலை கெடு முடியும்வரை சர்வரில காத்துக்கொண்டு கிடக்கும், அதுக்குப் பிறகுதான் இன்னொருத்தருக்குப் போகும். உம்மோட சோடி சேர்ந்து அதே வேலையைச் செய்த ஆளுக்கும் அதுவரை கிரெடிட் வராது. ப்ராஜெக்ட்ஸ் பக்கத்தில 'நோ நியூ டாஸ்க்ஸ்' எண்டு ஒரு பொத்தான் இருக்கு, அதை அமத்திவிடும். கையில இருக்கிறது முடிஞ்சு போய்ச் சேரட்டும். பிறகு 'அப்டேட்' ஒருக்கா அமத்தி எல்லாம் போட்டுதோ எண்டு பார்த்திட்டு மூடும். அன்இன்ஸ்டால் தேவையே இல்லை, ஜூனில அதே பொத்தானைத் திரும்ப அமத்தினால் சரி.

வேலை கையிருப்பு எத்தினை நாளுக்கு வச்சிருக்கிறீர் எண்டும் பாரும். பத்து நாளுக்குப் போட்டிருந்தால் மார்ச் நடுவிலயே அமத்த வேணும். அரை நாள் போதும், உங்க இப்ப இன்டர்நெட் எங்களை விட நல்லா இருக்கு.